கறையான் தின்ற காரும் கண்டி விசாரணையும்

பின்சீட்டுக்கு முன்னால் கிடந்த தளப் பலகையை விரல் மடக்கித் தட்டினேன். மரத்தின் சத்தம் வரவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் விரல்கள் பலகைக்குள்ளேயே இறங்கிவிட்டன. மேலே பூசியிருந்த கறுப்புச் சாயம் மட்டும்தான் மிச்சம். அதற்குக் கீழே முழுக்க ஈர மண்ணும் கறையானும்.

"தேறுமா தம்பி?" என்றார் முதலாளி. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் வாசலிலேயே நின்றார்; உள்ளே வரவில்லை.

"எஞ்சினும் சேசியும் நல்லாத்தாங்க இருக்கு. மரந்தான் போயிருச்சு. தரை, கதவுக் கால், ஹூட்டுக்குள்ள இருக்கிற வளையம், எல்லாமே புதுசா செய்யணும்."

"செய்யி. வைகாசியில மூத்தவளுக்குக் கல்யாணம். நான் மாப்பிள்ளையா ஊர்வலம் போனது இந்தக் கார்லதான். அவளும் இதுலதான் போகணும்."

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் அது. பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டை ஒட்டி முதலாளியின் கொக்கோ ஸ்டோர் இருந்தது. மாத்தளை டவுனில் கொக்கோ, மிளகு, ஏலம் வாங்கி விற்கிறவர்களில் அவர் பெரிய ஆள். கோயில் தேருக்கு முதலில் வடம் தொடுகிற நாலைந்து பேரில் ஒருவர். அந்தக் கார் அவருடைய இளம் வயதில் கப்பலில் வந்தது. ஹூட் என்கிற துணிக்கூரையை மடித்துப் பின்னால் போடுகிற பழைய இங்கிலீஷ் வண்டி. வெளியே தகரம் தெரிந்தாலும் உள்ளே எலும்பெல்லாம் மரந்தான். மரச்சட்டத்தின் மேல் தகரத்தை வளைத்து ஆணி அடித்திருப்பார்கள்.

நான் மாத்தளையில் பிறந்தவன். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த தச்சர். முதலாளியின் மாட்டு வண்டிகளுக்குச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்தே காலத்தைக் கழித்தார். எனக்குப் பதினாறு வயதில் அவர் இறந்தார். பிறகு அதே ஸ்டோரில், அவருடைய உளியையும் வாளையும் வைத்துக்கொண்டு நானே வேலை செய்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் டவுனில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எல்லாரும் என்னை 'பாஸ்' என்றார்கள்; தச்சு மேஸ்திரிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். முதலாளிக்கு மட்டும் நான் எப்போதும் தம்பிதான்.

அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம், எங்களைப் போன்ற பல குடும்பங்கள் பயந்துபோய் இந்தியாவுக்குக் கிளம்பின. முதலாளியும் மனைவி மக்களோடு போனார். டவுன் கடையைச் சாத்தினார். பலாபத்வலை ஸ்டோர்ச் சாவியை என் கையில் கொடுத்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். காரின் சக்கரங்களைக் கழற்றி, கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். அப்போது எனக்கு இருபது வயது. ஏறத்தாழ இரண்டு வருடம் அந்த ஸ்டோரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, தனியாகப் படுத்தேன். கொக்கோப் பெட்டி செய்வேன், கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைப்பேன், காரின் தளப் பலகைகளை மாதம் ஒரு தடவை கழற்றி வெயிலில் போடுவேன். அவர் திரும்பி வந்தபோது அந்தக் காரில் ஒரு கறையான்கூட இல்லை. ஆனால் யுத்தம் முடிந்ததும் அவர் புதிதாக ஒரு மூடிய கார் வாங்கிக்கொண்டார். பழையதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பஸ் பட்டறைக்குப் போய்விட்டேன். பத்து வருடத்தில் கறையான் வந்து முடித்துவிட்டது.

காரைத் தட்டிப் பார்த்த அதே மாதத்தில்தான் எனக்குக் கண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுதந்திரம் கிடைத்த பிறகு, இந்திய வம்சாவளிக்காரர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது. இத்தனை வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று சாட்சியோடு காட்ட வேண்டும். மற்றவர்களைப் போல நானும் மனுப் போட்டிருந்தேன். முதலாளிக்குச் சீக்கிரமே பத்திரம் கிடைத்துவிட்டது. எனக்குப் பல வருடம் பதில் இல்லை. இப்போது, விசாரணை நடக்கும், தேதி பிறகு அறிவிக்கப்படும், யுத்த காலத்தில் வேலை கொடுத்தவரைச் சாட்சியாகக் கூட்டி வரவும் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு வேறு சாட்சி யாரும் இல்லை. அந்த இரண்டு வருடமும் என்னைத் தினமும் பார்த்தவர் ஸ்டோருக்கு எதிர்ப்பக்கத்தில் மாட்டு வண்டி வைத்திருந்த ஒரு சிங்களப் பெரியவர். அவர் இறந்துவிட்டார், அவர் பிள்ளைகள் பொலன்னறுவைப் பக்கம் குடியேறிவிட்டார்கள். என் அரிசிக் கூப்பன் முதலாளி வீட்டுப் பெயரில் இருந்தது. நான் எங்கே இருந்தேன் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

அடுத்த நாளே ஸ்டோருக்குப் போய்க் கடிதத்தைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறியா? நான் வராம வேற யாரு வருவா? ஒங்கப்பனுக்கு நான் செய்ய வேண்டிய கடமை அது. நீ காரைப் பாரு, நான் கண்டியப் பாத்துக்கிறேன்."

அன்று சாயந்தரம் வீட்டில் சொன்னபோது என் மனைவி முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. "அத ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கங்க," என்றாள்.

"அவருகிட்டப் போயி எழுதிக் குடுங்கன்னு கேக்குறதா? என்ன நெனப்பாரு?"

"என்ன வேணும்னாலும் நெனக்கட்டும். நாளைக்கு அவருக்கு ஒரு நோய் நொடின்னா?"

நான் கேட்கவில்லை. கேட்பது அவரை அவமதிப்பது என்று நினைத்தேன். கார் வேலைக்குக் கூலி பேசவும் எனக்கு வாய் வரவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பட்டறை வேலை முடிந்து சாயந்தரமும், ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் ஸ்டோரில் இருந்தேன். உளுத்த பலகைகளைக் கழற்றுவதற்கு முன்னால், அவை கிடந்த இடத்திலேயே பழுப்புத் தாளை விரித்து ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்துகொண்டேன். கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும், பிறகு அளவு கிடைக்காது. பிரேக் கம்பி போகிற பள்ளம், கியர்க் கம்பு வெளியே வருகிற வளைவு, கால் மிதிக்கு விட்ட துளை என்று ஒரு பலகைபோல இன்னொரு பலகை இல்லை. பித்தளைத் திருகாணிகளைத் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

மரத்துக்குப் பல்லேகமப் பக்கம் ஒரு லொறிக்காரரிடம் சொல்லி வைத்தேன். சட்டத்துக்கும் வளையத்துக்கும் ஹல்மில்ல. அது உடையாமல் வளையும். வண்டி செய்கிறவர்கள் அதை விட்டு வேறு மரத்தைத் தொட மாட்டார்கள். தரைக்கு நன்றாகக் காய்ந்த பலா. அந்த வருடம் மழை விடவில்லை. ரிவர்ஸ்டன் மலை இரண்டு மாதம் கண்ணிலேயே படவில்லை. காய்ந்த மரத்தைக்கூட ஈரம் பிடித்துவிடும் என்று, கொக்கோ உலர்த்துகிற சூட்டறையில் ஒரு மூலையில் பலகைகளை அடுக்கி வைத்தேன். என் சட்டை, தலைமுடி எல்லாம் கொக்கோப் புளிப்பு வாசம். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் குளிக்கச் சொல்லுவாள் மனைவி.

கதவுக் கால்கள்தான் கஷ்டம். மேலே மூன்று பக்கம் வளைவு, கீழே அடிச்சட்டத்துக்குள் இறங்குகிற கழுந்து. ஒரு நூல் பிசகினாலும் கதவு மூடாது. முதல் காலை மூன்று தடவை செய்தேன். மூன்றாவது தடவை கதவை மாட்டி விரலால் தள்ளினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அங்கேயே குந்திக்கொண்டு அந்தக் கதவைப் பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன். பஸ் பாடியில் இந்த வேலைக்கு இடமில்லை. அங்கே நாளைக்கே வண்டி ரோட்டில் ஓட வேண்டும்.

ஹூட்டையும் சீட்டுகளையும் தைத்தவர் டவுனில் இருந்த ஒரு முஸ்லிம் தையல்காரர். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பழைய தோலை அவிழ்த்து, தேங்காய்த் தும்பு அடைத்து, நுணுக்கமாகத் தைத்தார். நான் ஹல்மில்லக் கீற்றை நீராவியில் வேகவைத்து வளையமாக வளைக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். "பாஸ், இது கார் இல்ல, புதுப் பொண்ணு," என்பார்.

மாசி மாதம் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். தரை போட்டு முடிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, இங்கும் அங்கும் மிதித்துப் பார்த்தார். ஒரு பலகையும் முனகவில்லை. சந்தோஷமாக இறங்கினார்.

"ஒன்னோட மனுக் காப்பி இருக்கா தம்பி? நான் என்ன சொல்லணும்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்."

காப்பி என் சட்டைப் பையில்தான் இருந்தது. விசாரணைக் கடிதம் வந்ததிலிருந்து அதை எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்தேன். வாசலில் வெளிச்சத்துக்குப் போய் நின்று வாசித்தார். இரண்டாவது பக்கத்தில் நெடுநேரம் நின்றார். அந்தப் பக்கத்தில், மனு எழுதிக் கொடுப்பவர் நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: யுத்த காலத்தில் என் எஜமானர் குடும்பத்தோடு இந்தியா சென்றிருந்தார், அவருடைய ஸ்டோரையும் மோட்டார் வண்டியையும் நானே பாதுகாத்து வந்தேன்.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றார். பிறகு காரின் பின்பக்கம் போய் நின்றார். "தம்பி, இங்க சாமான் வைக்கிறதுக்கு மரப்பெட்டி ஒண்ணு அடிச்சிரேன். பித்தளைப் பூண் போட்டு. எடுப்பா இருக்கும்."

நான் அதையும் செய்தேன். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல முதிரைப் பலகையில் செய்தேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாத்தளை முழுக்க அந்தக் காரைப் பற்றிப் பேசியது. பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில், மடித்த ஹூட்டில் மல்லிகைச் சரம். கடைத்தெருவில் ஆட்கள் வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். முதலாளி என் தோளில் கைபோட்டு, கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம், "இவன் நம்ம புள்ள மாதிரி. சின்ன வயசுலேருந்து என்கிட்டதான் இருக்கான்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதும்போது அந்த வார்த்தைகளைத்தான் முதலில் ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் விசாரணை. முதலாளியே சொல்லி அனுப்பினார்: பஸ்ஸில் போக வேண்டாம், காரிலேயே போகலாம். டிரைவர் பக்கத்தில் அவர், பின்னால் நான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அக்குறணை தாண்டியும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. மிளகு விலை, மருமகனின் குணம், அடுத்த மகளுக்கு வந்திருக்கிற வரன். நான் கால்களைத் தரையில் ஊன்றி, வளைவுகளில் சட்டம் ஏதாவது நெளிகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். நெளியவில்லை. கண்டிக்குச் சற்று முன்னால், கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தபோதுதான் அவர் பேச்சை நிறுத்தினார்.

அலுவலகத்தில் ஒரு நீள மேசை. கண்ணாடி போட்ட அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் இருந்த கிளார்க் அதைத் தமிழில் சொன்னார். முதலில் என்னைக் கேட்டார்கள். மனுவில் இருந்ததையே சொன்னேன். பிறகு முதலாளியைக் கூப்பிட்டார்கள்.

"இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"ஒரு பத்து வருஷமாத் தெரியுங்க. நல்ல வேலைக்காரன்."

"அதற்கு முன்னால்?"

"இவங்கப்பாவத் தெரியும். அவரு செத்ததுக்கப்புறம் இவன் எங்க போனான்னு தெரியாது. இந்தியாவுக்குப் போயிட்டான்னுதான் கேள்விப்பட்டேன். யுத்தம் முடிஞ்சுதான் என்கிட்ட வேலைக்கு வந்தான்."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கிளார்க் அதை இங்கிலீஷில் சொல்லும்போதுதான், சொன்னது அதுதான் என்று உறைத்தது.

அதிகாரி தாளைப் புரட்டினார். "நீங்கள் யுத்த காலத்தில் இந்தியாவில் இருந்ததாகவும், இவர் உங்கள் ஸ்டோரையும் காரையும் பார்த்துக்கொண்டதாகவும் மனுவில் இருக்கிறதே?"

"நானா? இல்லைங்க. யுத்தம் முழுக்க நான் மாத்தளையிலதான் இருந்தேன். ஒரு நாள்கூட வெளிய போகல. இவன் ஏதோ தப்பா எழுதிக் குடுத்திருக்கான்."

"முதலாளி..." என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி என்னைப் பேச விடவில்லை. மனுவில் உள்ளது உண்மையில்லை என்று தெரிகிறது, வேறு ஆதாரம் இருந்தால் மூன்று வாரத்தில் கொண்டு வரலாம் என்று கிளார்க் சொன்னார்.

வெளியே வராந்தாவில் முதலாளி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

"வா தம்பி, வண்டியில ஏறு. போற வழியில எங்கயாவது சாப்பிட்டுட்டுப் போவோம்."

"நான் பஸ்ஸுல போறேங்க."

"வெயில் கொளுத்துதே."

"பரவால்லைங்க."

அவர் கொஞ்சம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டார். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். கதவு மூடிய சத்தத்தைக் கேட்டேன். நல்ல சத்தம். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தபோது என்னால் ஒன்றையும் தொடர்ச்சியாக யோசிக்க முடியவில்லை. மாசி மாதத்தில் அவர் இரண்டாவது பக்கத்தில் நின்றது மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அன்றைக்கே அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் மூன்று மாதம் நான் அவருக்கு மரம் இழைத்திருக்கிறேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று மனைவி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த ரெண்டு வருஷமும் ஸ்டோரு என்னாச்சு, காரு என்னாச்சுன்னு அவரு ஒரு கடுதாசிகூடப் போடலையா ஒங்களுக்கு?"

போட்டிருந்தார். மூன்றோ நாலோ. அதில் ஒன்று எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆயுதப் பெட்டியின் அடியில், உளிகளுக்குத் துரு ஏறாமல் இருக்கப் பழைய தாள்களைப் பரப்பியிருந்தேன். பெட்டியைக் கவிழ்த்தோம். எண்ணெய்க் கறையோடு உறையும் கடிதமும் சேர்ந்தே கிடந்தன. இந்தியத் தபால்தலை, அதன் மேல் முத்திரை, வருடம் தெளிவாக இருந்தது.

மனைவி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. அது என்னைக் காப்பாற்றும் என்பது எனக்கும் தெரிந்தது. கூடவே, அவர் பொய் சொல்லிப் பிரஜாவுரிமை வாங்கியிருக்கிறார் என்பதையும் அது சொல்லிவிடும். அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். அந்த வீட்டில் நான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். முதலாளியம்மா எனக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்காத வருடமில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் போய்ப் பார்த்தேன். கணக்கப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஒக்காரு. என் பேப்பர்ல நான் எங்கயும் போகலன்னு போட்டுத்தான் எனக்குக் கெடச்சிருக்கு. ஒனக்காகப் போயி, ஆமா நான் ரெண்டு வருஷம் இந்தியாவுல இருந்தேன்னு சொல்லச் சொல்றியா? எல்லாத்தையும் பிடுங்கிட்டான்னா? கடை, வீடு, புள்ளைங்க?"

"நீங்க திரும்பப் போயி, ஞாபகமில்லாம சொல்லிட்டேன், இவன் இங்கதான் இருந்தான்னு மட்டும் சொன்னாப் போதுங்க."

"அது எப்புடிச் சொல்றது? நீ இங்க இருந்தேன்னா, நான் இந்தியா போனதா நீ எழுதினதும் நெசம்னு ஆயிருமே. கேள்வி மேல கேள்வி கேப்பான்." கொஞ்சம் குரலைத் தணித்தார். "இங்க பாரு, நீ ஏன் கவலப்படுற? இந்தியாவுக்குப் போ. என் ஊருக்குப் பக்கத்துல மரவாடி வெச்சிருக்கிறவரு எனக்கு வேண்டியவரு. கடுதாசி தர்றேன். ஒன் கைக்கு அங்க ராஜா மாதிரி இருக்கலாம்."

"அது உங்க ஊருங்க. நான் அதக் கண்ணால பாத்ததுகூட இல்ல."

அவர் மேசை மேலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். நான் எழுந்து வந்தேன். அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. அவ்வளவு பயந்த ஒரு ஆள் என்னைத் தோளில் கைபோட்டு நிறுத்தி, நம்ம புள்ள மாதிரி என்று சொன்னதுதான் புரியவில்லை.

மூன்றாவது வாரம் மனைவியும் நானும் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். அதே மேசை, அதே அதிகாரி. உறையைக் கொடுத்தேன். அவர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கிளார்க்கிடம் தந்தார். கிளார்க் சத்தமாக வாசித்தார்.

அன்புள்ள தம்பிக்கு. இங்கு அனைவரும் சுகம். நீ தனியாக இருப்பதை நினைத்து வீட்டில் கவலைப்படுகிறாள். வேளைக்குச் சாப்பிடவும். ஸ்டோர்க் கூரையைப் பார்த்துக்கொள். காரின் அடிப்பலகையை மாதம் ஒரு தடவை எடுத்து வெயிலில் போடவும். மழைக்குக் கறையான் ஏறும். உன்னை நம்பித்தான் எல்லாவற்றையும் விட்டு வந்திருக்கிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது என் முகம் சுட்டது. திருடிய பொருளைக் கடைவீதியில் விரித்து வைத்ததுபோல இருந்தது. ஆனால் அந்தக் கடிதம் எனக்கு எழுதியது, நான் திருடவில்லை.

"இதை அன்றைக்கே ஏன் காட்டவில்லை?" என்று அதிகாரி கேட்டார்.

"அவரே வந்திருந்தாருங்களே. கடுதாசி எதுக்குன்னு நெனச்சேன்."

கிளார்க் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இதை எழுதியவர் மேல் நான் ஏதாவது புகார் கொடுக்க விரும்புகிறேனா என்று கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றேன்.

"சரி. என் முன்னால் இருப்பது உங்கள் மனு மட்டும்தான்," என்றார். கடிதத்தை என் கோப்பில் வைத்துக்கட்டச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி என்னோடு பேசவில்லை. அக்குறணையில் கடலை வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினாள். அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ரெஜிஸ்டர் தபாலில் என் பத்திரம் வந்தது. மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் அதில் இருந்தன. தையல்கார நானாதான் முதலில் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "அல்ஹம்துலில்லாஹ். இனி இந்த ஊர விட்டு ஒங்கள ஒருத்தனும் அசைக்கேலாது," என்றார். முதலாளிக்கு ஒன்றும் நேரவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, எதையும் கேட்கவில்லை. அவருடைய கடையும் வீடும் பத்திரமும் அப்படியே இருந்தன. கடிதத்தைக் காட்டிவிட்டு நான் எத்தனையோ நாள் அவர் பிள்ளைகளை நினைத்துக் குமைந்திருக்கிறேன். அவர் பயந்தது நடக்கவே இல்லை.

ரோட்டில் அடிக்கடி அந்தக் கார் எதிரே வரும். ஹூட்டை மடித்துவிட்டுப் பேரப்பிள்ளையோடு போவார். நான் பஸ் பட்டறை வாசலில் நிற்பேன். இரண்டு பேரும் வேறு எங்காவது பார்ப்போம்.

பத்திரம் வந்து மூன்று நாலு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் அவர் பட்டறைக்கே வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. நான் ஒரு பஸ்ஸின் ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தேன்.

"பின் கதவு கொஞ்சம் ஆடுது தம்பி. ஒரு நடை வந்து பாரேன்."

"வேற பாஸ் யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க."

"இன்னமும் கோவமா?" பக்கத்தில் கிடந்த பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "நீ கடுதாசியக் காட்டினது அந்தக் கண்டி கிளார்க்கு சொல்லி எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்த கேட்டேனா? அன்னிக்கு நான் வேற என்னதான் சொல்லியிருக்க முடியும்? நீயே சொல்லு."

அவர் வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நானும் அத்தனை வருடமும் அதைத்தான் யோசித்திருந்தேன்.

"கண்டியில ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. அதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம். என் மனுவ வாசிச்சீங்களே, அன்னிக்கே. தம்பி, என்னால முடியாது, நீ வேற வழியப் பாருன்னு சொல்லியிருந்தா நான் ஒங்க கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்."

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ கணக்குத் தெரியாமல் பேசுகிறேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா," என்றார், "அப்புறம் காரை யாரு முடிச்சுக் குடுத்திருப்பா?"

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, வெளியே நின்ற காரை நோக்கி நடந்தார்.